தரையில் படாத பந்து

பந்தைப் பிடித்தால் நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்த விளையாட்டின் முதல் விதி அது. பிடித்த இடத்தில் காலை ஊன்றி, அடுத்தவளைக் கண்ணால் தேடி, எறிய வேண்டும். பந்தோடு நடக்கக் கூடாது. தரையில் தட்டிக்கொண்டு ஓடுவதென்ற பேச்சே இல்லை. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடிய எந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணின் காலுக்கும் இது தெரியும். தலை மறந்தாலும் கால் மறக்காது.

சுவிஸில் லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் கூடைப்பந்துப் பயிற்சிக்கு முதல்முறை போன அன்று என் கால் அதைத்தான் செய்தது. யாரோ ஒருத்தி பந்தை எறிந்தாள். பிடித்தேன். நின்றேன். எனக்கும் வளையத்துக்கும் நடுவில் ஓர் ஆள் கூட இல்லை. பின்னால் ஓடி வந்தவள் என் முதுகில் மோதி விழுந்தாள். வளையத்துக்குக் கீழே நின்ற நெட்டைப் பெண் ஒருத்தி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

“ஏன் நிண்டனி?”

அவள் கத்தியது பாதிப் பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். அந்த இரண்டும் அப்போது எனக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் தெரியும். ஆனாலும் அவள் பேசியதெல்லாம் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்திருக்கிறது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

“பந்து கையில இருக்கு. அதுதான் நிண்டனான்.”

“பந்து கையில இருந்தா ஓடோணும்.”

“ஓடினா பிழை.”

“எந்த நாட்டில பிழை?”

“எங்கட நாட்டில.”

“எங்கட நாட்டில பந்தோட நிண்டா விறைச்சுச் செத்துப் போவாய்” என்றாள். அவள் ஐஸ்லாந்துக்காரி.

நான் அந்த ஊருக்குக் கூடைப்பந்துக்காக வரவில்லை. ஓரிடத்தில் தங்கத் தெரியாத ஆள் நான். பந்து கையில் இருக்கும் நேரம் மட்டும்தான் நின்றிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இடம்பெயர்ந்த சனம் பள்ளிக்கூடத்துக்குள் வந்து குடியேறியது. வலைப்பந்துத் திடலில் கூடாரம் போட்டார்கள், கம்பத்தில் கயிறு கட்டித் துணி காயப் போட்டார்கள். அந்தக் கயிற்றில் எங்கள் வீட்டுத் துணியும் காய்ந்தது. பிறகு வன்னி, கொழும்பு, பெயர் சரியாகத் தெரியாத இரண்டு மூன்று நாடுகள், கடைசியில் சுவிஸ். ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்த்தேன். வில் என்ற ஊரில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் நின்றேன். கலியாணம் ஒன்று நடந்தது. அது அந்த ஊரோடு முடிந்தது. டொச், அதுதான் ஜெர்மன், ஒழுங்காகக் கதைக்கப் பழகிய கையோடு பிரெஞ்சு பேசும் பக்கம் மாறினேன். தெரிந்த சனம் எனக்கு விசர், பைத்தியம் என்றது. லா ஷோ-து-ஃபோனில் கடிகாரக் கூடுகளை மெருகிடும் வேலை இருந்தது, போனேன். அவ்வளவுதான் கதை.

அங்கே என் பக்கத்து மேசைக்காரி ஒரு பெண்கள் அணியில் விளையாடினாள். பெரிய லீக் ஒன்றும் இல்லை. அந்தப் பகுதி ஊர்கள் ஒன்றோடொன்று மோதும் லீக். ஆள் குறைகிறது, வா என்றாள். வளையம் ஒன்றுதானே என்று நினைத்துப் போனேன். எங்கள் வளையத்துக்குப் பின்னால் பலகை இருக்காது. இங்கே இருந்தது. அந்தப் பலகையைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. குறி தவறுகிறவர்களுக்கு வைத்த சுவர் மாதிரி இருந்தது.

ஐஸ்லாந்துக்காரியும் எங்கள் தொழிற்சாலையில்தான் காலை நேரம் வேலை செய்தாள். கழகம் அவளுக்குக் கொடுத்தது வீட்டு வாடகைக்குப் போதவில்லை. முதல் வாரம் இருவரும் ஒருவரையொருவர் கவனிக்காத மாதிரி இருந்தோம். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு அறைக்குள் போனால் அங்கே அவள் மட்டும் இருந்தாள். மற்றவர்கள் தட்டுகளோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தவளும் உண்டு. எனக்கு அந்த வாசம் வாசலிலேயே விளங்கிவிட்டது. கருவாடு.

அவள் ஒரு பையிலிருந்து காய்ந்த மீனைப் பிய்த்து, வெண்ணெய் பூசி, அப்படியே தின்றுகொண்டிருந்தாள். அவிக்கவில்லை, பொரிக்கவில்லை. ஊரிலிருந்து அவளுடைய தாய் அனுப்பியதாம். நான் எதிரில் போய் இருந்தேன்.

“நாறுதோ?” என்று சண்டைக்கு வருகிறவள் போலக் கேட்டாள்.

“இல்லை. உப்புக் காணாது” என்றேன்.

அவள் ஒரு துண்டை நீட்டினாள். மறுநாள் நான் என் டப்பாவில் கருவாட்டுக் குழம்பு கொண்டு போனேன். தண்ணீர் குடித்துக் குடித்து அதைத் தின்று முடித்தாள், கண்ணீரைத் துடைக்கவே இல்லை. அந்த வாரமே மேற்பார்வையாளர் சாப்பாட்டு அறைக் கதவில் மீனுக்குக் குறுக்குக் கோடு போட்ட படம் ஒன்றை ஒட்டினார். நாங்கள் வெளியே படிக்கட்டில் இருந்து சாப்பிடத் தொடங்கினோம். பனி கொட்டும்போதும் அங்கேதான் இருந்தோம். சுவிஸ் முழுக்க அலைந்து பார்த்ததில் வேண்டிய அளவு பனி இந்த ஊரில்தான் இருக்கிறது, அதனால்தான் இங்கே நிற்கிறேன் என்று அவள் சொல்வாள்.

அவளுடைய கதையை அந்தப் படிக்கட்டில்தான் துண்டு துண்டாகக் கேட்டேன். அவளுடைய ஊர் கடலோரத்துச் சின்ன ஊர். குளிர்காலத்தில் பகல் என்பது பேருக்குத்தான் வரும். வெளிச்சம் எரியும் பெரிய கட்டிடங்கள் இரண்டு: மீன் ஆலை, விளையாட்டு மண்டபம். இரண்டிலும் வளர்ந்தவள் அவள். நாட்டின் அணிக்கு விளையாடியிருக்கிறாள். டென்மார்க்கில் விளையாடினாள். இத்தாலியில் ஒரு கழகம் பாதியில் சம்பளத்தை நிறுத்தியபோது, மண்டபத்துச் சாவியை எடுத்துக்கொண்டு ஒளிந்திருந்து, சம்பளம் வந்த பிறகுதான் கொடுத்தாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு சந்தோசம் வரும். பிறகு இங்கே வந்தாள். நான் சேர்ந்த குளிர்காலத்திலேயே, எங்கள் கண்ணெதிரே, அவளுடைய முழங்கால் போனது. மண்டபத்தின் மறுபக்கத்தில் நின்ற எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. ஈரத் துணியை உதறுவது போல ஒரு சத்தம்.

கழகத் தலைவர் காப்புறுதி விற்கும் மனிதர். நல்ல மரியாதை, கை கொடுக்கும்போது மற்றக் கையையும் சேர்த்துப் பிடிப்பார். மருத்துவமனைக்குப் பூ கொண்டு வந்தார். பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் இல்லை, வேறொருவர் கிடைக்கும்வரை நீ பார்த்துக்கொள்கிறாயா என்று அவளிடம் கேட்டார். அவள் ஓம் என்றாள்.

அந்த ‘வேறொருவர் கிடைக்கும்வரை’ ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஊன்றுகோலோடு தொடங்கினாள், பிறகு கோல் இல்லாமல் நொண்டினாள், பிறகு நொண்டலும் பழகிவிட்டது. அவளுக்கு அந்த வாங்குதான் எல்லாம். ஆட்ட மண்டபத்தின் ஓரத்தில் பயிற்சியாளரும் மாற்று ஆட்டக்காரிகளும் இருக்கும் பெஞ்சை நாங்கள் வாங்கு என்போம். தமிழில் அவள் ஒழுங்காகப் படித்த முதல் சொல் அது. விளையாட ஏலாது, ஊருக்குப் போனால் மீன் ஆலைதான், வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது, இந்த வாங்கில் இருந்து என்னை எழுப்பினால் நான் ஒருத்தியும் இல்லை என்று ஒரு நாள் சொன்னாள். அழுது சொல்லவில்லை. மழை வருகிறது என்பது போலச் சொன்னாள்.

ஓர் இலையுதிர்காலத்தில் வேறொருவர் கிடைத்துவிட்டார். பக்கத்து நகரத்தில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்த மனிதர், தலைவரின் நண்பர். தலைவர் பயிற்சிக்கு வந்து எல்லோர் முன்னாலும் நேரடியாகவே சொன்னார். இந்தப் பருவம் அணி லீக்கில் நின்றால் அவள் தொடரலாம். கீழே இறங்கினால் அந்த மனிதர் வருவார்.

“நிண்டா நான் இருப்பன். சரியோ?” என்று அவள் கேட்டாள்.

“அதுதான் சொன்னேன், மதாம்” என்று தலைவர் இரண்டு கையாலும் கை கொடுத்தார்.

டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு எங்கள் அணியில் பந்தை ஒழுங்காகத் தட்டிக்கொண்டு போகத் தெரிந்த ஒரே பெண் படிப்புக்காகச் சூரிச் போய்விட்டாள். மற்ற அணிகளுக்கு அது உடனே தெரிந்தது. எங்கள் பக்கத்திலேயே வந்து மறித்தார்கள். யார் பந்தைத் தட்டத் தொடங்கினாலும் இரண்டு பேர் வந்து விழுந்து பறித்தார்கள். தோற்றோம். மறுபடி தோற்றோம். நான் மட்டும் பந்தைப் பிடித்தவுடன் நின்றுகொண்டிருந்தேன். அத்தனை ஆண்டு பழகியும் என் கால் அதை விடவில்லை. சுவிஸ் பெண்கள் அதை வைத்து எனக்கு ‘பேருந்துத் தரிப்பு’ என்று பட்டம் வைத்திருந்தார்கள்.

மாசி மாதம் ஓல்டனில் தமிழர் விளையாட்டு நாள் வந்தது. எல்லா ரயிலும் அங்கே வருவதால் தமிழருக்கு எது நடந்தாலும் ஓல்டனில்தான் நடக்கும். நான் பழைய அணிக்கு வலைப்பந்து விளையாடப் போவது வழக்கம். அந்த முறை ஐஸ்லாந்துக்காரியும் வந்தாள். வீட்டில் இருந்தால் அடுத்த தோல்வியைப் பற்றித்தான் யோசிப்பேன் என்றாள்.

மண்டபத்து வாசலில் ரோல்ஸ் விற்றார்கள். ஒலிபெருக்கியில் ஓர் அண்ணை வாகனத்தை எடுக்கச் சொல்லிக் கார் இலக்கத்தை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் அணித் தலைவி என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்த அக்கா. அவ சமையலறை, நான் சலவை. நாற்பது தாண்டியவ, இடுப்புச் சுற்றளவு கூடியவ, வளையத்துக்கு எறிவதில் அவவுக்கு நிகரில்லை. ஐஸ்லாந்துக்காரியைக் கண்டதும் அவ மேலும் கீழும் பார்த்தா.

“உதாரடி இந்தத் தென்னைமரம்?”

“எங்கட பயிற்சியாளர், அக்கா.”

“இவவோ? பிறகேனடி நீங்கள் எல்லாத்திலயும் தோக்கிறியள்?”

“அக்கா, மெல்லக் கதையுங்கோ.”

“அவவுக்குத் தமிழ் தெரியுமோ?”

“வாங்கு எண்டா தெரியும்.”

“அப்ப வாங்கில இருக்கச் சொல்லு. நாங்கள் விளையாடிக் காட்டுறம்.”

விளையாடினோம். வலைப்பந்தில் ஒவ்வொருத்திக்கும் ஓர் இடம் உண்டு, அதைத் தாண்டக் கூடாது. வளையத்தைச் சுற்றி ஓர் அரைவட்டம் கீறியிருக்கும். எறிகிற இரண்டு பேர்தான் எங்கள் பக்கத்தில் அதற்குள் போகலாம். நான் சென்டர். திடல் முழுக்க ஓடலாம், அந்த வட்டத்துக்குள் மட்டும் கால் வைக்க முடியாது. பந்தை வட்டத்தின் விளிம்புவரை கொண்டு வந்து அக்காவிடம் கொடுப்பது என் வேலை. அவ எறிவா, விழும். அன்றும் விழுந்தது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு, அங்கிருந்து அடுத்த கைக்கு. எதிரணி மறிக்க வருவதற்குள் பந்து போய்விடும்.

ஆட்டம் முடிந்து பார்த்தால் ஐஸ்லாந்துக்காரி வாங்கில் இல்லை. கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி கடித்த ரோல்.

“பந்து நிலத்தில படவே இல்லை” என்றாள்.

“படக் கூடாது.”

“ஒருக்காலும்?”

“ஒருக்காலும்.”

ரயிலில் பீல் நகரம் வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் புள்ளி வைத்து, கோடு இழுத்து, அழித்துக்கொண்டிருந்தாள். பீலில் ரயில் மாறியபோது என்னைப் பார்த்து, “அந்தக் குண்டு மனிசிக்குச் சனிக்கிழமை வேலையோ?” என்று கேட்டாள்.

அக்காவுக்குச் சனிக்கிழமை வேலை இல்லை. நான் தொலைபேசியில் கேட்டபோது அவ, “எனக்கென்ன விசரோ, இந்த வயசில வெள்ளைக்காரியளோட குதிக்க?” என்றா. அடுத்த சனிக்கிழமை மகனின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினா.

பயிற்சியில் புது விதி வந்தது. பந்தை யாரும் தரையில் தட்டக் கூடாது. தட்டினால் ஒட்டுமொத்த அணியும் மண்டபத்தைச் சுற்றி ஓட வேண்டும். முதல் நாள் பந்து விளையாடியதை விட ஓடியதுதான் அதிகம். சுவிஸ் பெண்கள் முணுமுணுத்தார்கள். நான் இத்தனை நாள் அவர்களிடம் வாங்கிய பேருந்துத் தரிப்புப் பட்டத்தை இப்போது ஐஸ்லாந்துக்காரி எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டாள். “எல்லாரும் தரிப்பு. பந்துதான் பஸ். பஸ் ஓடட்டும்” என்றாள். எப்படி நிற்பது, எந்தக் காலில் திரும்புவது என்று என்னைக் கொண்டே செய்து காட்டினாள். பிழை என்று எத்தனையோ வருடம் திட்டு வாங்கிய காலை எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. நான் வளையத்துக்குக் கிட்டப் போனால் கால் தானாக நின்றுவிடும், அந்தத் தரையில் இல்லாத வட்டத்தின் விளிம்பில். தவறி உள்ளே போனாலும் அக்கா விடமாட்டா.

“எடியே, நீ சென்டர். உள்ளுக்கு என்ன வேலை? வெளியில போ.”

“அக்கா, இது கூடைப்பந்து. போகலாம்.”

“எனக்கு அது தெரியாது. வட்டம் என்ர.”

ஐஸ்லாந்துக்காரி இதற்கு எங்களோடு எவ்வளவோ மல்லுக்கட்டினாள். ஒரு நாள் மண்டியிட்டு, ஈரத் துணியால் அந்த இடத்தைத் துடைத்துக் காட்டினாள். “பார். கோடு இல்லை. ஆரும் உனக்குக் கோடு கீறேல்லை.” எனக்கு விளங்கியது. என் காலுக்கு விளங்கவில்லை.

வெல்லத் தொடங்கினோம். எல்லாவற்றையும் இல்லை. மறிக்க வருகிறவர்கள் யாரை மறிப்பதென்று தெரியாமல் திணறினார்கள். பார்வையாளர்களுக்குச் சிரிப்பு. ஓர் எதிரணிப் பயிற்சியாளர் நடுவரிடம் போய் இது சரியா என்று கேட்டார். நடுவர் தோளைக் குலுக்கினார். தலைவர் ஒரு நாள் வந்து ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். போகும்போது கை கொடுக்கவில்லை.

கடைசி ஆட்டம் எங்கள் மண்டபத்தில். வென்றால் லீக்கில் நிற்போம், தோற்றால் இறங்குவோம். அந்தப் புதிய பயிற்சியாளரும் வந்து தலைவருக்குப் பக்கத்தில் இருந்தார். பங்குனி முடிந்தும் வெளியே பனி கொட்டியது. ஓல்டனிலிருந்து வலைப்பந்து அணி முழுவதும் வந்திருந்தது. பால்தேத்தண்ணி போத்தல், ரோல்ஸ் பெட்டி, ஒருத்தியின் கையில் கோயில் மணி. ஐஸ்லாந்துக்காரி வாங்கில் நேராக இருந்தாள். முழங்காலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் இழுபட்டது. எதிரணி எங்கள் விளையாட்டை முன்பே பார்த்துப் படித்திருந்தது. எறிகிறவள் அக்கா என்று தெரிந்து, அவவோடு இரண்டு பேரை ஒட்டவிட்டார்கள். கடைசி நிமிடம். ஒரு புள்ளி பின்னால் நின்றோம். பந்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம், என்னிடம் வந்தது. பிடித்தேன். நின்றேன். விளிம்பில். எனக்கு முன்னால் ஒருத்தியும் இல்லை. நான் உள்ளே போகமாட்டேன், எறியமாட்டேன் என்று அவர்களும் படித்திருந்தார்கள். நான் அக்காவைத் தேடினேன். இரண்டு நெட்டைப் பெண்களுக்கு நடுவில் அவவின் கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை பந்தைக் கேட்கவில்லை. போ என்று ஆட்டியது.

“எடியே, உள்ளுக்குப் போ! நான் சொல்லுறன், போடி!”

அக்கா சொல்லித்தான் என் கால் கேட்டது. ஓர் அடி வைத்தேன், வட்டத்துக்குள். பிறகு எங்களுக்குத் தெரிந்த மாதிரி, இரண்டு காலும் தரையில் நிற்க, பலகையைப் பாராமல், உயரமாக எறிந்தேன். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது. இரண்டு புள்ளி. மணி அடித்தது. ஆட்டம் முடிந்ததற்கா கோயில் மணியா என்று நான் பார்க்கவில்லை.

நின்றோம். அவளும் நின்றாள் என்று நினைத்தோம்.

அடுத்த கிழமை தலைவர் கூப்பிட்டார். எல்லோரும் போனோம். முதலில் பாராட்டினார். பிறகு, யோசித்துப் பார்த்தேன், நமக்கு அந்த மனிதர் தேவை என்றார். அதற்கு முன் அவளை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை.

“இறங்கினா போ எண்டனீங்கள். நாங்கள் இறங்கேல்லை.”

“உண்மைதான், மதாம். ஆனால் நீங்கள் ஆடுவது கூடைப்பந்து அல்ல. சின்னப் பெண்கள் பார்த்துப் பழகிவிடுவார்கள்.”

“பந்தை நிலத்தில தட்டியே ஆகோணும் எண்டு எந்த விதியில இருக்கு?”

“விதி இல்லை. வழக்கம்.”

“தோத்ததால அனுப்பேல்லை, என்ன?”

“இல்லை, இல்லை. தோற்றதால் இல்லை.”

“நல்லது. அதை எல்லாருக்கும் கேட்கச் சொல்லிப் போட்டியள்” என்று எழுந்தாள். குளிர்க் கோட்டை மாட்டினாள். அக்கா தமிழில் தலைவரை ஒரு சொல் சொன்னா. அதை நான் எழுதப் போவதில்லை.

எங்கள் அணியில் ஆட்டச் சட்டைகளை முறை வைத்துத் தோய்ப்போம். ஆட்டம் முடிந்ததும் எல்லாச் சட்டையையும் ஒரு பையில் போட்டு ஒருத்தி வீட்டுக்குக் கொண்டு போவாள். அந்தக் கிழமை என் முறை. எங்கள் கட்டிடத்துக்கே பொதுவான சலவை அறைச் சாவி எனக்குக் கிடைப்பது வியாழக்கிழமை. சட்டைகளை இயந்திரத்தில் போட்டுவிட்டு அணியின் வாட்ஸ்அப்பில் எழுதினேன், என் உடைந்த பிரெஞ்சில்: “இதுகளைக் கழகத்துக்குத் திருப்பிக் குடுக்கப் போறன். தன்ர சட்டை வேணும் எண்டவ இயந்திரம் நிக்கிறதுக்குள்ள சொல்லோணும்.”

ஒருத்தி மட்டும் வேண்டும், கழகத்திலேயே நிற்கிறேன் என்று சொன்னாள். அவளுடைய காதலன் அந்தக் கழகத்து ஆண்கள் அணியில் விளையாடினான். அவளுக்கு அவளுடைய சட்டையைக் கொண்டு போய்க் கொடுத்தேன், கோபம் இல்லை. மற்ற எல்லாச் சட்டையையும் காயவைத்து, இஸ்திரி போட்டு, மடித்தேன். முதியோர் இல்லத்தில் மடித்த கை, விளிம்போடு விளிம்பு சேரும். வெள்ளி மாலை தலைவரின் வீட்டு மணியை அடித்துப் பையை நீட்டினேன். அவர் உள்ளே பார்த்தார்.

“அருமையாகத் தோய்த்திருக்கிறீர்கள். நன்றி.”

“இதுதான் கடைசி முறை, மெஸ்யூ. இனி நீங்கள் ஆளைத் தேடுங்கோ, சட்டை இருக்கு.”

எங்கள் புது அணிக்கு மலைப் பக்கத்து ஊரொன்றில் ஒரு பள்ளிக்கூடம் தன் மண்டபத்தைத் தந்தது. தாழ்ந்த கூரை. அக்கா உயர எறியும் பந்து விளக்குக் கூட்டில் பட்டுத் திரும்பி வரும். லீக்கின் ஆகக் கீழ்ப்படியிலிருந்து தொடங்கினோம். சட்டைக்கு ஓல்டன் அணி தன் பழைய ஊதாச் சட்டைகளைக் கொடுத்தது. முதுகில் தமிழ் எழுத்து. அதை உரித்து எடுக்கவா என்று கேட்டேன். ஐஸ்லாந்துக்காரி வேண்டாம் என்றாள். பயிற்சியாளருக்கு நாற்காலி இல்லை. சுவரோரம் பிள்ளைகள் உடற்பயிற்சிக்கு ஏறி நடக்கும் நீண்ட மர வாங்கு ஒன்று இருந்தது. அவள் போய் அதில் இருந்து, முழங்காலை நீட்டினாள். பிறகு பக்கத்துப் பலகையைக் கையால் தட்டி என்னைப் பார்த்தாள்.

“நானோ? நான் ஒன்பதாம் வகுப்பு.”

“நான் மீன் ஆலை. இரு.”

இருந்தேன். அன்றைக்கு நான் பயிற்சியாளர் ஆனேன் என்று வைத்துக்கொள்ளலாம். பயிற்றுநர் பாடநெறிக்கும் போனேன். முதல் முறை பிரெஞ்சில் கோட்டை விட்டேன், அடுத்த முறை தப்பினேன். இப்போது சிறுமிகள் அணி என்னுடையது. நான் ஓர் ஊரில் இவ்வளவு காலம் தரித்து நின்றது இதுதான் முதல் தடவை. யாரும் அதைப் பற்றிப் பேசினால் எரிச்சல் வரும்.

போன குளிர்காலத்தில் தலைவர் எங்கள் பயிற்சிக்கு வந்தார். தொப்பியில் பனி. அவருடைய நண்பர் வேறு கழகத்துக்குப் போய்விட்டாராம், பெண்கள் அணிக்கு ஆள் சேரவில்லையாம். நீங்கள் எல்லோரும் திரும்பி வரலாமே, நல்ல மண்டபம், நல்ல விளக்கு என்றார். அவளிடம்தான் கேட்டார். அவள் பையைத் திறந்து கருவாட்டில் ஒரு துண்டு பிய்த்து அவருக்கு நீட்டினாள். அவர் மரியாதையான மனிதர், வாங்கி வாயில் போட்டார். மென்று முடிக்க நேரம் பிடித்தது. அதுவரை அவள் காத்திருந்தாள்.

“உங்கட மண்டபத்தில எங்கட வாங்கு இல்லை. நாங்கள் வரேல்லை” என்றாள்.

அவர் தலையாட்டினார். எதிர்பார்த்து வந்தவர் போலத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டு, வாங்கின் கோடியில் இருக்கப் போனார். நான் அங்கே என் தண்ணீர்ப் போத்தலை வைத்திருந்தேன். எடுக்கவில்லை.

“இதில இடமில்லை, மெஸ்யூ” என்றேன். “நிண்டு பாருங்கோ.”

அவர் நின்று பார்த்தார். அன்று பந்து இரண்டு மூன்று தரம் கை தவறித் தரையில் விழுந்தது. விழட்டும்.